காற்றுச் சத்தம் நீக்கப்பட்டது

கல்பிட்டியில் வீடியோ எடிட்டிங் என்றால் ஸஜீத்தான். இதை ஊரில் வேறு யாரும் சொல்லவில்லை. அவனேதான் தன் ஸ்டூடியோக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தான். போதாததற்கு யூடியூபில் ஒரு சனலும் வைத்திருந்தான். 'ஐந்து நிமிடத்தில் எடிட்டிங் சிக்கல்களுக்குத் தீர்வு' என்று அதற்குப் பெயர். நூற்றுப் பன்னிரண்டு பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள், அதில் பாதி சாச்சி மக்களும் மாமி மக்களும். ஐந்து நிமிடத் தீர்வு எதுவும் இருபது நிமிடத்துக்குக் குறைந்ததில்லை என்பது வேறு கதை.

அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஊரார் சிக்கலைத் தீர்ப்பவர் தன் சொந்தச் சிக்கலின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பகல் ஒரு மணிக்கு மணமகள் நிஸ்ரினின் வலீமா, அதாவது கல்யாண விருந்து. வியாழக்கிழமை நடந்த நிக்காஹ் வீடியோவை மண்டபத்தின் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். வீடியோ முடிந்துவிட்டது. கடைசி நாற்பது விநாடி மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. அந்த இடத்தில் வர வேண்டியது மணமகளின் உம்மாவுடைய குரல்.

உம்மா நஃபீஸா ஆறு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். மகளின் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது அந்த வீட்டு மெடம் மிகுந்த பெருந்தன்மையோடு, அடுத்த மகளின் கல்யாணத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். நஃபீஸாவுக்கு இருப்பதே ஒரு மகள். கையில் போன் கிடைப்பது வெள்ளிக்கிழமை பகல், மெடம் தூங்கி எழும்பும் வரைக்கும்தான். போன வெள்ளி அவர் ஒரு குரல் பதிவைத் தன் தம்பி இஸ்ஹாக்குக்கு அனுப்பி, 'வலீமாவில எல்லாருக்கும் முன்னால போடு, அதுக்கு முதல் மகளுக்குக் குடுக்காத' என்று எழுதியிருந்தார். திரும்பக் கேட்டு வாங்குவதென்றால் அடுத்த வெள்ளி வரை பொறுக்க வேண்டும். விருந்து அதுவரை பொறுக்காது.

இஸ்ஹாக் அதைக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. கேட்டார், மீன்வாடியில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டூடியோக்காரன் எதற்கு இருக்கிறான் என்று ஸஜீத்துக்குத் தட்டிவிட்டார். ஸஜீத்தும் கேட்டான். போனை மேசையில் வைத்து, தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓட, கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். காற்று, என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு வழங்கினான். முதலில் ஃபைலை உள்ளே எடுப்போம், காற்றைத் துடைத்துவிட்டால் பேச்சு தானாக வெளியே வரும் என்பது நிபுணரின் கணிப்பு.

ஃபைல் உள்ளே வரமாட்டேன் என்றது. இந்த வகை ஃபைலை ஏற்க முடியாது என்று மென்பொருள் மரியாதையாகச் சொன்னது. ஸஜீத் மென்பொருளை மூடித் திறந்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஃபைலை வேறொரு இடத்தில் வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி இழுத்துப் பார்த்தான். அதே மரியாதை, அதே பதில். கடைசியில் ஃபைல் பெயரின் வாலில் இருந்த எழுத்துக்களை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினான். பாண் ரொட்டியின் மேல் பிரியாணி என்று எழுதி ஒட்டினால் அது பிரியாணி ஆகிவிடும் என்று நம்புகிறவன் அல்ல அவன். ஆனால் கம்ப்யூட்டர் நம்பும் என்று நினைத்தான். கம்ப்யூட்டர் நம்பவில்லை.

இணையத்தில் தேடினான். தமிழில் முதலாவதாக வந்த வீடியோவே இந்தச் சிக்கலைப் பற்றித்தான் இருந்தது. சந்தோஷமாகத் திறந்தான். திரையில் அவனே வந்து ஸலாம் சொன்னான். அவன் அவனையே ஆறு நிமிடம் பொறுமையாகக் கேட்டான். அந்த ஆறு நிமிடமும் சனலைப் பின்தொடரும்படி மன்றாடிவிட்டு, ஏழாவது நிமிடத்தில், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், சரிவராவிட்டால் கீழே எழுதுங்கள் என்றான் திரையிலிருந்தவன். கீழே ஒருவர் எழுதியிருந்தார், இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே சிக்கலைப் பற்றி. அதற்கு ஸஜீத் எழுதிய பதில் 'இன்ஷா அல்லாஹ்' என்றிருந்தது.

வேறு வழியில்லாமல் உடப்பு ஊர்த் தினுஷனுக்குப் போன் எடுத்தான். தினுஷன் கோயில் திருவிழாக்களை வீடியோ எடுப்பவன். அவனுக்குக் கமராவை நேராகப் பிடிக்கத் தெரியாது என்று ஸஜீத் மூன்று கல்யாண வீட்டில் சொல்லித் திரிந்திருக்கிறான். அது தினுஷனின் காதுக்கும் போயிருந்தது. இருந்தாலும் அவன் அழைப்பை எடுத்தான்.

"பேர மாத்தினா உள்ளுக்க இருக்கிறது மாறுமா மச்சான்?" என்றான் தினுஷன், எல்லாம் கேட்டுவிட்டு. "வட்ஸ்அப் குரல் வேற வகை. அத மாத்துறதுக்கெண்டு சின்னச் செயலி இருக்கு. அதுக்குள்ள போட்டு ஒழுங்கா மாத்தி எடு. ரெண்டு நிமிச வேலை. ஒன்ட சனல்ல இது இல்லியா?"

ஸஜீத் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காத மாதிரி போனை வைத்தான். ஆனால் சொன்னபடி செய்தான். ஃபைல் சமர்த்தாக உள்ளே வந்து, கடைசி நாற்பது விநாடிக்குக் கீழே நீட்டிப் படுத்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஓடவிட்டான்.

ஒரு சத்தமும் இல்லை.

திரையின் மூலையில் பச்சை எழுத்தில், 'காற்றுச் சத்தம் நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அதை அவன் பார்க்கவில்லை. அது எப்போதும் வருகிற வரி. இந்தக் கரையில் வருடத்தில் பாதி நாள் காற்றுப் பேயாய் அடிக்கும். களப்புக் கரையில் மாப்பிள்ளையை நிறுத்திப் படமெடுத்தால் மாப்பிள்ளையின் கதையைவிடக் காற்றின் கதைதான் கூடக் கேட்கும். அதனால் எந்த ஒலி உள்ளே வந்தாலும் காற்றுச் சத்தத்தைத் தானாகவே துடைத்துவிடும்படி மென்பொருளைப் பழக்கிவைத்திருந்தான். பழக்கியது மூன்று வருடத்துக்கு முன்பு. மறந்துபோனது அடுத்த வாரம்.

ஹெட்போனை மாற்றினான். வயரைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டினான். ஒலியளவை உச்சம் வரை ஏற்றினான். தன் சொந்த அறிவுரைப்படி மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டு, தன் பழைய அமைப்புகள் எல்லாவற்றையும் பத்திரமாக அதற்குள் ஏற்றினான். ஒரு மணி நேரம் போனது. மௌனம் அப்படியே இருந்தது. அப்போது பார்த்து இஸ்ஹாக்கின் போன் வந்தது.

"என்ன தம்பி, முடிஞ்சிதா?"

தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஸஜீத்தின் நாக்கு பழகியிருக்கவில்லை. "நானா, ஃபைல்ல ஒண்டுமில்ல. நஃபீஸா ராத்தா பட்டன அமத்தினது பிழையாப் போயிருக்கும். வெறும் ஃபைல்" என்றான்.

இஸ்ஹாக்கின் வாயில் ஒரு செய்தி இரண்டு நிமிடத்துக்கு மேல் தங்காது. கால் மணி நேரத்தில் ஸ்டூடியோ வாசலில் வேன் வந்து நின்றது. அவர் வேனுக்குள் இருந்தபடியே சமையல்காரரோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தது நிஸ்ரின். அலங்காரத்துக்குப் போகும் வழியில், மருதாணிக் கையோடு, அழுத கண்ணோடு வந்தாள்.

"உம்மா வெறும் ஃபைல் அனுப்பினா எண்டு மாமாட்ட சொன்னீங்களாம். அவ அப்பிடி அனுப்ப மாட்டா, ஸஜீத் நானா. இந்த வெள்ளிக்கு என்ன சொல்றதெண்டு ஒரு மாசமா யோசிச்சிருப்பா."

ஸஜீத் திரையைக் காட்டி வகுப்பெடுத்தான். "இதப் பாருங்க தங்கச்சி. ஆள் கதைச்சிருந்தா இந்தக் கோடு மேடும் பள்ளமுமா இருக்கும். இது உப்பு வயல் மாதிரித் தட்டையாக் கிடக்கு. அவங்களுக்கு இந்த விசயமெல்லாம் தெரியாதுதானே."

"போன்ல வந்தத தாங்க."

கொடுத்தான். அவள் முதலில் செய்தது மின்விசிறியை நிறுத்தியதுதான். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். ஸஜீத்துக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறும் இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்தான். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் போலிருக்கிறது. அப்போது திடீரென்று, அழுகைக்கு நடுவே, அவள் சிரித்தாள். வெறும் ஃபைலைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை என்று ஸஜீத்துக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"கதைக்கிறாங்களா?"

"ஓம். மெல்லமாக் கதைக்கிறா." அவள் கண்ணைத் துடைத்தாள். "மெடம் நித்திரை கொள்ளக்குள்ளதான் போன் எடுக்க ஏலும். பாத்ரூமுக்குள்ள போய், பைப்பத் தொறந்து வெச்சிட்டுத்தான் கதைப்பா. ஆறு வருசமா இதுதான் உம்மாட குரல். சத்தமாக் கதைச்சா எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு மறந்தே போச்சு."

ஸஜீத் போனை வாங்கித் தன் காதில் வைத்தான். மூன்று விநாடி போதுமாக இருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தான். மூலையில் அந்தப் பச்சை எழுத்து இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதை வாசித்தான்.

மென்பொருளைக் குற்றம் சொல்ல வழியில்லை. அதுவும் அவனைப் போலவேதான் கேட்டிருக்கிறது. அரை விநாடி கேட்டு, இது காற்று என்று முடிவுகட்டி, ஒரு தாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கிறது. அதைத் துடைக்கச் சொன்னவன் அவன். துடைத்துவிட்டு, அவங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுடைய மகளிடமே சொன்னவனும் அவன். ஸஜீத்துக்கு வெட்கமாக இருந்தது. அது அவனுக்குப் பழக்கமில்லாத ஒன்று, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பச்சை எழுத்தை அழுத்தி நிறுத்தினான். தட்டையாகக் கிடந்த கோடு, சின்னச் சின்னதாக, எழும்பி நின்றது.

"நான் முதல்லயே கேட்டது உம்மாக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு நிஸ்ரின் வேனில் ஏறினாள்.

ஒரு மணிக்கு மண்டபத்தில் நானூறு பேர். ஆறாறு பேராக ஸஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, வாழ்நாளில் சோறே காணாதவர்களைப் போலச் சாப்பிட்டார்கள். இஸ்ஹாக் ஒலிவாங்கியைப் பிடித்து, கேட்காதவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். வீடியோ ஓடியது. கடைசியில் நஃபீஸாவின் படம் திரை நிறைய வந்தது. கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் இரைச்சல்.

"சவுண்ட் இல்ல!" என்று ஒரு ஸஹனிலிருந்து குரல் வந்தது. "ஸ்டூடியோக்காரன் எங்க?"

ஸ்டூடியோக்காரன் வீடியோவை நிறுத்திவிட்டுச் சுவிட்சுப் பலகைக்குப் போனான். ஒவ்வொன்றாக எல்லா மின்விசிறிகளையும் அணைத்தான். ஜூலை மாதத்துப் பகல், நானூறு பேர், சூடான சோறு. என்னடா இது என்று மண்டபம் முணுமுணுத்தது. ஒலிவாங்கியை இஸ்ஹாக்கிடமிருந்து வாங்கினான். "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அவங்களால சத்தமாக் கதைக்க ஏலாது" என்றான். மறுபடி ஓடவிட்டான்.

"மகள்... மெடம் நித்திரை. பைப்பத் தொறந்து வெச்சிருக்கன், தண்ணி வீணாப் போகுது, கெதியாச் சொல்றன். அல்லாஹ் ஒங்க ரெண்டு பேருக்கும் பரக்கத் செய்யட்டும். அழாத புள்ள, மூஞ்சியில பூசினதெல்லாம் கரைஞ்சிரும். நான் வந்தா ஒன்னோட சத்தமாக் கதைக்கணும். தெரு முழுக்கக் கேக்கணும். ஒனக்கு..."

கதவைத் தட்டும் சத்தம். பைப் மூடப்பட்டது. அவ்வளவுதான் பதிவு.

பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். ஸஹன்களில் கை அசையவில்லை. நிஸ்ரின் பூசியதெல்லாம் கரைய உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் கழித்துத்தான் ஸஜீத்துக்கு மின்விசிறிகள் ஞாபகம் வந்தன.

எல்லோரும் போன பிறகு இஸ்ஹாக் வந்து அவன் தோளில் தட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. கடைசியில மட்டும் அந்த இரைச்சல். ஒன்னட்டத்தான் அதெல்லாம் எடுக்கிற சாமான் இருக்கே. அத எடுத்திட்டுப் போட்டிருக்கலாம்தானே?"

"காலையில எடுத்துப் பாத்தன் நானா" என்றான் ஸஜீத், வயரைச் சுற்றிக்கொண்டே. "மிச்சம் ஒண்டும் இருக்கல்ல."