முதல் மழைக்கு வருவார்

எங்கள் பட்டறையில் கூரைத் தகடு வாங்கினால் என் வீட்டுக்காரரும் கூடவே வருவார். கொச்சி மட்டாஞ்சேரி முழுக்க இது தெரியும். தகட்டைப் பொருத்திக் கொடுப்பதோடு அழகர் விடமாட்டார். முதல் மழை பெய்யும்போது திரும்பப் போய், அந்தக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு, மழை விடும்வரை எங்காவது ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதற்காகவே இடப்பள்ளிப் பெரிய கடைகளை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கூரை மட்டும் மிச்சத் தகட்டில் போட்டது. மழைக்கு மழை ஒழுகும். வாளி வைப்பது என் வேலை.

மகள் மகாவைப் பெண் பார்க்க ஆலுவாவிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கும் போகக் கூடாது என்று அவரிடம் கெஞ்சி வைத்திருந்தேன். இடவப்பாதிப் பருவமழை அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. யூசுப் இக்கா என்று நாங்கள் கூப்பிடும் வியாபாரியின் அரிசிக் கிடங்குக்கு இவர் அப்போதுதான் புதுக் கூரை போட்டிருந்தார்.

"இப்ப வந்துர்றேன், லட்சுமி" என்று கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ராஜன், "பொண்ணோட அப்பா எங்க?" என்று கேட்டார். நான் சாயாவை நீட்டிச் சிரித்து மழுப்பினேன். அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது சாயாவில்.

அடுக்களைக்குப் போய், பட்டறைப் பலகையில் எழுதியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் போன் எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும்.

"கூரைக் கம்பெனியா? கஸ்டமர் பேசுறேன். ஹால் ஒழுகுது, மாப்பிள்ளையோட அப்பா தலைமேல."

"கஸ்டமர் பேரு?" என்றார்.

"வீரலட்சுமி. கல்யாணம் ஆனதுலேர்ந்து கம்ப்ளெய்ண்ட் சொல்றேன், ஆள் வந்ததில்ல."

"இதோ, வர்றேன் மேடம்."

விஷயம் தெரிந்து யூசுப் இக்காவே அவரை விரட்டிவிட்டாராம். ஆட்டோவில் ஏணியைக் கட்டிக்கொண்டு இவர் வந்து இறங்கினார். மேலே ஏறி ஓட்டையை அடைத்தார். நனைந்தபடி உள்ளே வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டவர், பழக்கத்தில் ஒழுகிய இடத்துக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணாந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டு மழைக்கு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திட்டச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்தே போனது.

"எதுவரைக்கும் இப்படி இருப்பீங்க?" என்றார் ராஜன்.

"மழை விடுற வரைக்கும்ணே."

ராஜனும் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டு மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "பொண்ணக் குடுத்த பொறவும் இப்படி வந்து பாப்பீங்களா?"

"முதல் மழைக்கே வருவேன்" என்றார் அழகர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் கூட வருவேன்" என்று சொல்லி, வந்தவர்கள் முன்னால் என்றுகூடப் பார்க்காமல், துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.