பெட்டி இல்லாத கம்ப்யூட்டர்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் கோலப்பனின் கம்ப்யூட்டர் கடையை அவர் சாவகாசமாகத்தான் வந்து திறப்பார். அன்றைக்கு அவர் வரும்போது அஸ்வதி பூட்டிய ஷட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன் அவள். லீவு சொல்லக்கூட மறந்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். மத்தியானத்துக்குள்ள வேணும்."

கோலப்பன் சிரித்துவிட்டார். "தங்கச்சி, ஆளுவ மூணு மாசம் யூடியூபு பாத்து, இருக்க கடையெல்லாம் ஏறி எறங்கிட்டு வந்து இத வாங்குவாவ. நீ மாங்கா வாங்குத மாதிரி கேக்கிய. யாருக்கு?"

"எனக்குத்தான்."

பொய்யில்லை. ஆனால் தம்பியின் கதையைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

தம்பி ஆதர்ஷ் கனடாவுக்குப் படிக்கப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு வாரமாக அவன் போனை எடுக்கவில்லை. அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பஞ்சாபிப் பையனைப் பேஸ்புக்கில் தேடிப் பிடித்துக் கேட்டபோது, "தட்டினால் நன்றாக இருக்கிறேன் என்கிறான், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான்" என்றான். காலேஜுக்கு எழுதிய மெயிலுக்குப் பதில் இல்லை. ஒரே ஒரு இடத்தில்தான் அவன் தென்பட்டான். ஆளில்லாத தீவில் இறங்கி, மரம் வெட்டி, வீடு கட்டி, கூட்டாளிகளோடு சேர்ந்து பிழைத்துக் கிடக்கிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில். பெங்களூரில் இருக்கும் அவன் சினேகிதன் ராஜகுமார்தான் அதைச் சொன்னான்.

"நான் பக்கத்துல போனா எந்திரிச்சிப் போயிருவான் அக்கா. மைக்கையும் மியூட் பண்ணிட்டான்."

நேற்று ராஜகுமார் மறுபடியும் கூப்பிட்டான். ஆதர்ஷ் அந்தத் தீவில் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறானாம். தன் கணக்கின் பாஸ்வேர்டையும் ராஜகுமாருக்கே அனுப்பிவிட்டான். இனி எனக்கு வேண்டாம் என்று ஒரு வரி.

ஆனாலும் ஆள் இன்னும் அந்தத் தீவில்தான் நிற்கிறான் என்றான் ராஜகுமார். விடிந்ததும் அஸ்வதி இருந்த காசை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தத் தீவில் அவளுக்கும் ஒரு உருவம் உண்டு. ஆதர்ஷ் ஊரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கம்ப்யூட்டரில் அவளை உட்கார வைத்து விளையாடப் பழக்கினான். அவளுக்கு நடக்கவே வராது. அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தக் கம்ப்யூட்டரை விமான டிக்கெட்டுக்காக அவள்தான் விற்றுக் கொடுத்தாள். இப்போது வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் அந்த விளையாட்டு திறக்கவே திறக்காது. மணிமேடைப் பக்கம் ஒரு கேமிங் சென்டர் இருந்தது. ஆனால் அது பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் திறக்கும்; ஆதர்ஷ் தீவில் இருப்பதோ இங்கே பகல் நேரம், அங்கே ராத்திரி. இரண்டு நாள் அங்கே போய்ப் பார்த்தாள். அவள் போய்ச் சேரும்போது தீவு காலியாகக் கிடந்தது.

"எவ்வளவு வச்சிருக்க?" என்று கோலப்பன் கேட்டார்.

"முப்பத்தஞ்சாயிரம்."

கோலப்பன் உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடி அலமாரியில் பளபளத்த ஒரு கிராபிக்ஸ் கார்டைக் காட்டினார். "இது ஒண்ணே இருவத்தாறு. இந்தக் காசுக்கு ஆபீஸ் வேலைக்குள்ள கம்ப்யூட்டர் நல்லா வரும். கேம்னா கஷ்டம்."

அவள் ராஜகுமாரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். எது இல்லாமல் அந்த விளையாட்டு ஓடவே ஓடாதோ அதை மட்டும் சொல்லச் சொன்னாள். மெமரி, அதாவது ராம், பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது என்றான். படம் காட்டுகிற கார்டு பழசானாலும் பரவாயில்லை, தனி கார்டு கட்டாயம் என்றான்.

ப்ராசஸரில் இரண்டு ரகம் எடுத்து வைத்தார் கோலப்பன். ஒன்றில் படம் காட்டுகிற வேலையும் உள்ளேயே அடக்கம். இன்னொன்றில் அது கிடையாது, விலை குறைவு. "நீதான் கார்டு தனியாப் போடுதியே. பொறவு அது எதுக்கு?" விலை குறைந்ததை எடுத்தாள். மானிட்டர் வேண்டாம் என்றாள், வீட்டு டிவி இருக்கிறது. கீபோர்டும் மவுசும் இருந்ததிலேயே மட்டமானது. கார்டு என்று வந்தபோது மேசைக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்து ஊதினார்.

"வாரண்டி கெடையாது. முன்ன வச்சிருந்தவன் இத என்ன பாடு படுத்தினானோ, எனக்குத் தெரியாது. இன்னைக்கு ஓடும். நாளைக்கு ஓடுமான்னு கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன்."

"இன்னைக்கு ஓடினா போதும்."

கோலப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கார்டைத் துணியால் துடைத்து மற்றதோடு வைத்தார்.

கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் ஆக விலை குறைந்ததையே அவள் கேட்டபோதுதான் மனுஷன் மறுத்தார். "இதுல மட்டும் வெளயாடாத. இது பொட்டிச்சுன்னா கூட இருக்கதையெல்லாம் சேத்துக் கொண்டுபோவும். கொஞ்சம் நல்லதாப் போடு." போட்டால் கணக்கு கையில் இருந்த காசைத் தாண்டியது. அவள் கால்குலேட்டரை மறுபடி மறுபடி தட்டினாள். தட்டத் தட்ட அதே எண்தான் வந்தது.

"பெட்டி வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

"இதையெல்லாம் உள்ள வைக்கிற பெட்டி. கேபினெட். அது இல்லாம ஓடாதா?"

"ஓடும். ஆனா பல்லி ஏறினாப் போச்சு, தண்ணி தெறிச்சாப் போச்சு. ஆன் பண்ண சுவிட்சே கெடையாது. தங்கச்சி, பத்து நாள் பொறு. கொஞ்சம் காசு சேத்துட்டு வா, நானே நல்லதா ஒண்ணு..."

"என் தம்பி அதுக்குள்ள இருக்கான் அண்ணாச்சி!"

கத்திவிட்டாள். வாசலில் சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கோலப்பனுக்கு விளங்கியிருக்க முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் பேரம் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பாகங்களைப் பூட்டி முடித்து, கடையின் நெட்டிலேயே அந்த விளையாட்டை இறக்கிக் கொடுத்தார். அது இறங்கும் வரை அஸ்வதி ஸ்டூலில் உட்கார்ந்து சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு பழைய ஹெட்செட்டைப் பையில் போட்டு, "இது கணக்கில வேண்டாம். மைக் கொஞ்சம் கரகரங்கும்" என்றார்.

வீடிருக்கும் பார்வதிபுரம் வரை ஆட்டோவில், கழற்றிய கார்டைப் பையிலும் மற்ற பாகங்கள் பூட்டிய மதர்போர்டை மடியிலும் வைத்துக்கொண்டு வந்தாள். குழி வந்தால் விழுந்து உடையுமோ என்று, இருக்கையில் சாயாமல் முழங்காலை உயர்த்தியே வைத்திருந்தாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளோடு மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்டை வைத்து, கார்டைச் செருகி, டிவி வயரையும் வீட்டு நெட் வயரையும் மாட்டினாள். கோலப்பன் காட்டியபடி இரண்டு சின்னக் கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டாள். விசிறிகள் சுற்றின. டிவி கறுப்பாகவே இருந்தது.

நிறுத்தினாள், மறுபடி தொட்டாள். அதே கறுப்பு. பழைய கார்டு செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கோலப்பனைக் கூப்பிட்டாள், மூன்றாவது தடவைதான் எடுத்தார், வாயில் சோற்றோடு.

"டிவி வயர எங்க குத்தியிருக்க? போர்டுலயா? போர்டுல வராது. கார்டோட பொறத்தால பாரு, அதுல குத்து."

குத்தினாள். படம் வந்தது.

தீவில் மழை பெய்துகொண்டிருந்தது. கரையில் அவளுடைய உருவம் நின்றது. எந்தக் கட்டையை அமுக்கினால் எந்தப் பக்கம் போகும் என்பதே மறந்துபோயிருந்தது. முன்னால் நடந்தவள் நேராகக் கடலுக்குள் இறங்கினாள். மேலே வரத் தெரியவில்லை. திரை சிவந்துகொண்டே வந்தது. மைக்கைத் திறக்கும் கட்டையைத் தேடிக் கண்டதையெல்லாம் அமுக்கி, "ஆதர்ஷே! ஏலே ஆதர்ஷே!" என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.

யாரோ அவளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். எதிரே நின்ற உருவத்தின் தலைக்குமேல் அவன் பெயர்.

மியூட் எடுபட்டு ஹெட்செட் கரகரத்தது.

"அக்காவா?"

"நான்தாம் மக்கா."

"எப்படி வந்த? லேப்டாப்ல இது ஓடாதே."

"வேற வாங்கினேன்."

அவன் வெளியே போய்விடுவானோ என்று அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அழுதுவிட்டால் போய்விடுவான், கேள்வி கேட்டால் போய்விடுவான்.

"என்ன கார்டு?" என்று கேட்டான்.

அவள் கார்டில் எழுதியிருந்ததைக் குனிந்து வாசித்தாள்.

"செகண்ட் ஹேண்டா? யாரு தலையில கெட்டினா? எஸ்.எம்.பி.எஸ். என்ன போட்டிய?" பல நாளாகப் பேசாதவன் குரல். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கேபினெட்?"

"வாங்கல்ல. மேசையில அட்டைப்பெட்டிக்கு மேல வச்சிருக்கேன்."

"கிறுக்கா உனக்கு? ஷாக் அடிக்கும் அக்கா. எதுக்கு இப்படி அவசரப்பட்டு..."

சொல்லி முடிக்காமல் நின்றுவிட்டான். எதற்கு என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு வந்த சத்தம் அழுகை என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"என்னக் காலேஜ்லேர்ந்து எடுத்துட்டாவ அக்கா. போன செமஸ்டரே. நான் யாருக்கிட்டயும் பறயல்ல."

"செரி."

"அவ்வளவு காசு..."

"செரி மக்கா. காசப் பத்தி நான் கேட்டனா? கடைசியா எப்ப சாப்பிட்ட?"

அவன் உருவம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அந்தப் பஞ்சாபிப் பையன் ரூம்லதான இருக்கான்? அவன எழுப்பு. நான் இங்கயேதான் இருப்பேன். போவ மாட்டேன்."

"ராத்திரி மூணு மணி அக்கா. ஒறங்குவான்."

"எழுப்பு. அக்கா சொன்னான்னு சொல்லு."

ஹெட்செட்டைக் கழற்றி வைக்கிற சத்தம். நாற்காலி நகர்ந்தது. அஸ்வதி இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். கதவு திறந்தது. தூரத்தில் தூக்கக் குரல் ஒன்று ஏதோ கேட்க, ஆதர்ஷ் ஏதோ சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பையன் படபடவென்று பேச ஆரம்பித்தான். பாத்திரம் உருட்டுகிற ஓசை.

தீவில் ஆதர்ஷின் உருவம் மழையில் அசையாமல் நின்றது. அவன் ஹெட்செட்டுக்குத் திரும்பி வந்தபோது எதையோ மெல்லுகிற சத்தம் கேட்டது. அந்தப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்றும், போக மாட்டேன் என்கிறான் என்றும் சொன்னான்.

"அவன் இருக்கட்டும்" என்றாள் அஸ்வதி. "அவன் நம்பர எனக்கு இப்பவே அனுப்பு. ஊருக்கு வாரதும் வராததும் பொறவு பேசலாம். நீ எதையும் இன்னைக்கு முடிவு பண்ணாண்டாம்."

"ம்" என்றான். சற்றுக் கழித்து, "அக்கா, கார்டு சூடாயிருக்கா பாரு. தொடாத. கைய பக்கத்துல கொண்டுபோய்ப் பாரு."

கொண்டுபோனாள். அனலாக வந்தது.

"டேபிள் ஃபேன எடுத்து அதுக்கு நேரா வையி. நான் இங்கயே நிக்கேன்."

ஃபேனை எடுக்க அவள் படுக்கையறைக்கு ஓடினாள்.