தம்பி வாசிக்க மறுத்த பாட்டு

மனைவி பிரிந்துபோனதிலிருந்து அந்த ராக் பாடகனுக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. ஒத்திகை அறையிலும் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே, தான் எழுதிய புதுப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினான். 'ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திப் போனவளே, வந்துவிடு' என்று வரும் அது.

டிரம்ஸ் வாசித்தவன் அவளுடைய தம்பி. பாதியிலேயே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"இதுக்கு நான் வாசிக்க மாட்டேன் மாமா."

"அக்கா மேல அவ்வளவு பாசமா?"

"பாசமெல்லாம் இல்ல. பாட்டு பொய் சொல்லுது. பேசாமலா போனா? ஒரு வருஷமா பேசினா. நீங்கதான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தலையாட்டிட்டு இருந்தீங்க."

பாடகனுக்குச் சுருக்கென்றது. கிதார் வாசிப்பவர் எதுவும் காதில் விழாதவர்போலத் தந்தியை முறுக்கினார்.

"அவ கேட்கணும்னுதானேடா எழுதினேன்."

"அவ கடை ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. ஊருக்கே மைக் வச்சுச் சொல்றதை அங்க போய்ச் சொல்லுங்க."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவன் போனபோது பெரியவர் ஒருவரின் காதில் கண்ணாடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடையைத் தாண்டிப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் தாண்டினான். கடைசியில் அவளே வெளியே வந்தாள்.

"எத்தனை தடவை போவே? உள்ள இருக்கிறவர் திருடனோன்னு பயப்படறாரு."

அவன் கடை வாசலுக்கு வந்து நின்றான்.

"நீ பேசினப்போ நான் கேட்கல," என்றான். "தப்புதான். திரும்பி வர்றியா?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள்.

"இப்பவே பதில் கேட்காதே. நான் சொல்ல வேண்டியதே பாதி பாக்கி இருக்கு. கடை சாத்தினதும் வா. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கலாம்."

அன்று அவள்தான் பேசினாள். நடுவில் நியாயம் சொல்ல அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு அடக்கினான். பஸ் வந்ததும், பிரிந்ததிலிருந்து தங்கியிருந்த தம்பி வீட்டுக்கே போனாள். ஏறும்போது, "நாளைக்கும் வா," என்றாள்.

அந்தப் பாட்டை அவன் கைவிட்டான். சாயங்காலமானால் கடை வாசலில் நின்றான். அவள் வெளியே வரும்வரை கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். சில நாள் கோபமாகப் பேசினாள், சில நாள் பேசவே இல்லை. மாதங்கள் போயின.

ஒரு மாலை பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுத் தெருப் பக்கமாகத் திரும்பி நடந்தாள். ஏன் என்று கேட்காமல் அவனும் கூடவே நடந்தான்.