குறை சொல்லும் கடை

மின்ஜேயின் முகம் திரையிலிருந்து மறைந்தது. அதுவரை அவன் அமர்ந்திருந்த சிறு சதுரத்தில் கறுப்பு நிறமும், அதன் நடுவே ஆங்கில எழுத்துகளில் அவன் பெயரும் மட்டுமே எஞ்சின. ஆசிரியை ஹெலன், "நன்றி, காளீஸ்வரி" என்றார். அந்தச் சொல்லில் நன்றி இல்லை என்பதை உணரும் அளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலம் வந்திருந்தது. ஏனைய மாணவர்கள் தத்தம் சதுரங்களுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்கள். போடிநாயக்கனூரில், தங்கபாண்டியன் அண்ணனின் ஏலக்காய்க் கடை மாடியிலுள்ள சாம்பிள் அறையில், நான் கைப்பேசியின் முன் நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். சரியாகப் பேசிவிட்டேன் என்ற நிறைவு என் முகத்தில் இன்னும் கலையாமல் இருந்தது.

என்னைப் பற்றி இவ்விடத்தில் சிறிது கூறுதல் அவசியம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இதே கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தவள் நான். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். அதன் பின்னர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கு என்னோடு படித்தவர்கள் முதலில் என்னை ஆசிரியை என்று எண்ணி எழுந்து நின்றார்கள். விடுமுறைகளில் கடைக்குத் திரும்பிப் பொறுக்கினேன். இப்போது என் வயது முப்பத்து நான்கு. பொறுக்கும் பெண்களின் வரிசையைப் பின்னாலிருந்து பார்த்து, அவர்களுடைய முதுகுகளை மட்டும் மரப்பலகையில் செதுக்கி, ஏலக்காய்ச் சாக்கில் அச்சிட்டிருந்தேன். அதைக் கண்டு ஸ்காட்லாந்து நாட்டுக் கலைக் கல்லூரி ஒன்று எனக்கு முதுகலை இடமும் உதவித்தொகையும் அளிக்க முன்வந்தது. ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்காக அக்கல்லூரி இணையவழியில் நடத்தும் ஆங்கிலத் துணை வகுப்பில் நான் தேற வேண்டும். அதன் இறுதி அமர்வில் பேச்சு நிறைவளிக்காவிட்டால், இடம் காத்திருக்கும் வேறொருவருக்குச் சென்றுவிடும்.

கலைக் கல்லூரியில் ஒருவர் படைப்பை மற்றவர்கள் அவர் எதிரிலேயே மதிப்பிட்டுப் பேசுவது வழக்கம். அதற்கான பயிற்சிதான் அன்று நடந்தது. முதலில் பெரு நாட்டு லூஸ், மேசைமேல் பூக்களும் கிண்ணமும் இருந்த ஓர் ஓவியத்தைக் காட்டினாள். அது என் மனத்தில் எவ்வித அசைவையும் உண்டாக்கவில்லை. "மிக அழகு. பத்திரமாக வைத்துக்கொள்" என்றேன். அவள் மகிழ்ந்தாள். அடுத்து, கொரியாவைச் சேர்ந்த மின்ஜே தன் கரித்துண்டு ஓவியத்தைத் திரைமுன் தூக்கிப் பிடித்தான். மழையில் நனையும் ஒரு மேம்பாலம். அதன் அடியில் ஒற்றை விளக்கு. அதைக் கண்டதும் திரையை நோக்கிக் குனிந்தேன். இப்படி ஒரு கறுப்பை நான் எந்நாளும் கண்டதில்லை. உடனே என் வாய் தானாகப் பேசத் தொடங்கியது: "கறுப்பு மிகுதி. இடப்பக்கம் வெறுமை. கோடுகள் களைத்துவிட்டன. தாளும் மட்டம்."

வகுப்பு முடிந்ததும் ஹெலனிடமிருந்து செய்தி வந்தது. மின்ஜே மிகவும் வருந்துகிறான் என்றும், சக மாணவரின் உழைப்பை மதித்துப் பேசும் திறனையும் இறுதி அமர்வில் மதிப்பிடுவார்கள் என்றும், இன்று பேசியதுபோல் அன்றும் பேசினால் தம்மால் கையொப்பமிட இயலாது என்றும் எழுதியிருந்தார். நான் அதை அகராதியின் துணையோடு மீண்டும் மீண்டும் வாசித்தேன். என்னை வாட்டியது இடம் போய்விடுமோ என்ற அச்சம் மட்டுமன்று. அத்துணை விரும்பிய ஓவியத்தை அவ்வாறு ஏன் இகழ்ந்தேன் என்பதற்கு எனக்கே விடை தெரியவில்லை.

கீழே இறங்கியபோது, முறத்தின் முன் அமர்ந்திருந்த பாண்டியம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னடி காளி, மூஞ்சி தொங்கிப் போயி வருது? இங்கிலீசு கடிச்சுருச்சா?"

"ஒரு பையனத் தெரியாம வஞ்சுட்டேன்க்கா. நல்லாத்தான் வரைஞ்சிருந்தான். மட்டம்னு சொல்லிட்டேன்."

"ஒனக்கு வாய்க்கொழுப்பு இன்னைக்கு நேத்தா? வெரசா ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு வந்து சோலியப் பாரு. மூணு மூட கெடக்கு."

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லை" என்ற ஒரே சொல் மின்ஜேயிடமிருந்து வந்தது. மன்னிக்கும் மனம் உடையவர் யாரும் அச்சொல்லை அவ்வளவு சுருக்கமாக எழுதுவதில்லை.

இறுதி அமர்வுக்கான உரையை நானே எழுதி, ஹெலன் திருத்தித் தந்தபின், ஒரு வரியும் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். "எனது படைப்பு உழைக்கும் பெண்களின் காணப்படாத நிலையை ஆராய்கிறது" என்று அது தொடங்கும். குளிக்கும்போதும் சொன்னேன், காய் பொறுக்கும்போதும் உதடு அசைத்தேன். மந்திரம் ஓதுவதாக மற்ற பெண்கள் கேலி செய்தார்கள்.

அந்நாளும் வந்தது. பிற்பகலில் சாம்பிள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தேன். மின்ஜே வந்திருந்தான், ஆனால் அவன் சதுரம் கறுப்பாகவே இருந்தது. லூஸ் பேசி முடித்தாள். ஹெலன் என் பெயரை அழைத்தார். நான் தொண்டையைச் செருமி முதல் வரியைக் கூறிய அதே வேளையில், கீழே கடையில் தங்கபாண்டியன் அண்ணனின் குரலும் இன்னொருவர் குரலும் வெடித்தன.

"என்னய்யா சுடலை, இது காயா, ஆட்டுப் புழுக்கையா? நெறமே இல்லையே!"

"மொதலாளி, கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க!"

"போட்டுத்தான்யா பாக்குறேன்! பாதி பொக்கு, மீதி வெடிப்பு. ஸ்டோர்ல சூடு போட்டுக் காய வச்சியா, வெயில்ல கொட்டிட்டு ஒறங்கிட்டியா?"

"ஒறங்குனா இந்த மணம் வருமா? மோந்து பாருங்க!"

"மோந்துட்டேன். ஒன் பீடி மணந்தான் வருது!"

நான் இரண்டாம் வரியைக் கூறினேன். கீழே இன்னும் உரத்த குரலில் ஏசல் தொடர்ந்தது. மூன்றாம் வரி எனக்கு மறந்துபோயிற்று. ஹெலனின் நெற்றி சுருங்கியது.

"காளீஸ்வரி, அங்கே என்ன சண்டை? நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"

"சண்டை இல்லை" என்றேன். "அவர் வாங்குகிறார்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. அதன் பொருள் என் உள்ளத்தில் இறங்குவதற்கு மேலும் ஒரு கணம் பிடித்தது. இறங்கியதும் நான் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்த உரையை அங்கேயே விட்டுவிட்டேன்.

"ஹெலன், அனுமதி வேண்டும். நான் கீழே செல்கிறேன். எல்லாரும் என்னோடு வாருங்கள். என் படைப்பு அங்கேதான் இருக்கிறது."

கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தவாறு படிகளில் இறங்கினேன். குரங்கணிக்கு மேலே சிறு தோட்டம் வைத்திருக்கும் சுடலை, தன் சாக்கின் அருகே கைகட்டி நின்றிருந்தார். தங்கபாண்டியன் அண்ணன் உள்ளங்கையில் காய்களைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏ ஆத்தா, என்ன இது, போனத் தூக்கிக்கிட்டு?"

"அண்ணே, வெளிநாட்டுல எல்லாரும் பாக்குறாக. நீங்க நிறுத்தாதீக. நல்லா வையுங்க."

"வையவா? அதுக்கென்ன காசா பணமா?" அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னிலும் உரக்கத் தொடங்கினார். "இந்தக் காயக் காசு குடுத்து வாங்குனா என் வீட்டுக்காரி என்னைய வாசல்ல நிக்க வச்சிருவா!"

நான் ஆங்கிலத்தில் கூறினேன். என் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி வந்தன. "இவர் வியாபாரி. பாதிக் காய்க்குள் ஒன்றும் இல்லை, மீதி வெடிப்பு என்று ஏசினார். இந்தக் காயை வாங்கினால் மனைவி தம்மை வீட்டுக்குள் விடமாட்டாள் என்கிறார். இப்போது விற்பவரின் முகத்தைப் பாருங்கள்." கைப்பேசியைச் சுடலையின் பக்கம் திருப்பினேன். அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏன் சிரிக்கிறார்? எங்கள் ஊரில் வாங்க விரும்பும் சரக்கைத்தான் குறை சொல்வார்கள். குறை கூடக்கூட விருப்பமும் கூடுகிறது என்று பொருள்."

அப்போது கேரளப் பக்க மலையிலிருந்து காய் விற்க வந்திருந்த எட்வர்ட் தம் முறைக்கு ஒரு பையை அவிழ்த்துக் காட்டினார். அண்ணன் அதில் கைவிட்டு, முகர்ந்து, மிக மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"எட்வர்ட்டு, நல்ல காய். பத்திரமா கொண்டு போயி வச்சிருங்க. நல்ல வெல வரும்."

எட்வர்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதெந்தா மொதலாளி! நல்ல காய்னு சொல்லி என்னையக் கொல்றீங்களே! ஒரு கொறையாச்சும் சொல்லுங்க!"

பெண்கள் அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். நான் அதையும் ஆங்கிலத்தில் கூறினேன். "வியாபாரி இவருடைய காயைப் புகழ்ந்துவிட்டார். ஆகவே வாங்கமாட்டார். இவர் ஒரு குறையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார்." திரைக்குள்ளிருந்தும் சிரிப்பு எழுந்தது. யாருடையது என்று நான் பார்க்கவில்லை. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

"சிறுவயது முதல் நான் இந்தக் கடையில் அமர்ந்திருக்கிறேன். ஒன்றை விரும்பினால் எப்படிப் பேச வேண்டும் என்பதை இங்கேதான் கற்றேன். மின்ஜே, உன் மேம்பாலத்தை நான் விரும்பினேன். அந்தக் கறுப்பை விரும்பினேன். அதனால் என் வாய் தாளை மட்டம் என்றது. ஆங்கிலத்தில் பேசினேன், ஆனால் கடைக்காரியாகப் பேசினேன். இனி உங்கள் முறையில் பேசக் கற்றுக்கொள்வேன். இன்று மட்டும் நீ என் முறையைத் தெரிந்துகொள்."

கறுப்புச் சதுரம் ஒருமுறை மினுங்கியது. பிறகு அதில் ஒரு முகம் தோன்றியது. மின்ஜே தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தன் கடினமான ஆங்கிலத்தில் பேசினான்.

"முதல் வகுப்பில் நீங்கள் காட்டிய அச்சுப்படத்தை நான் பார்த்தேன். மூன்றாவது பெண்ணின் முதுகு மிகவும் கனம். சாக்கில் ஓட்டை இருக்கிறது. இதை யாரும் வாங்கக் கூடாது." சற்று நிறுத்தி, "ஒருவரும்" என்று அழுத்திக் கூறினான்.

என் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்குள் லூஸ் குறுக்கிட்டாள். "பொறு, பொறு! அப்படியென்றால் என் பூக்களை மிக அழகு என்றாயே? பத்திரமாக வைத்துக்கொள் என்றாயே?"

எல்லாரும் என்னையே நோக்கினர். பொய் கூற எனக்கு விருப்பமில்லை. அவள் ஓவியத்தை மனத்தில் மீண்டும் ஒருமுறை கண்டேன். பூக்களில் உயிர் இல்லைதான். ஆனால் அருகிலிருந்த நீலக் கிண்ணத்தின் விளிம்பில் ஓரிடத்தில் வெளிச்சம் உண்மையாகவே விழுந்திருந்தது.

"லூஸ், அந்தக் கிண்ணம் மிக மோசம்" என்றேன்.

அவள் நாற்காலியிலிருந்து துள்ளியெழுந்து கைதட்டினாள்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் அணிந்துகொண்டு, நான் கூறிய சொல்லை நினைவுபடுத்திக்கொள்பவர் போல மேலே பார்த்தார்.

"அந்தக் காய்களில் உள்ளே ஒன்றும் இல்லாதவற்றை உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?"

"பொக்கு."

"பொக்கு" என்று அவர் மெதுவாகத் திருப்பிக் கூறினார். "காளீஸ்வரி, உங்கள் ஆங்கிலத்தில் பாதி பொக்கு. மீதி வெடிப்பு. எங்கள் கல்லூரி இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்றே எனக்குத் தெரியவில்லை." இவ்வாறு கூறிவிட்டு அவர் என்னை நோக்கிச் சிரித்த சிரிப்பை, நான் படித்த எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை.

சுடலை என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன தாயி சொல்லுது அந்தம்மா?"

"என் இங்கிலீசு பாதி பொக்காம்ணே. எப்பிடி எடுக்குறதுன்னு தெரியலையாம்."

அவர் ஒரு நொடி என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடையே அதிரும்படி கத்தினார்: "அப்ப எடுத்துக்கிட்டாகளா!"

பாண்டியம்மாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து குலவையிட்டாள். தங்கபாண்டியன் அண்ணன், "ஏ, கடைக்குள்ள என்ன சத்தம்!" என்று அதட்டிக்கொண்டே சுடலையின் சாக்கைத் தாமே தூக்கித் தராசின்மேல் கவிழ்த்தார். பச்சைக் காய்கள் சலசலவென்று சரிந்து, தட்டு நிறைந்து, விளிம்பைத் தாண்டித் தரையெங்கும் உருண்டன. நான் கைப்பேசியை அவற்றின்மேல் தாழ்த்திப் பிடித்தேன். திரைக்குள் அவர்கள் எல்லாரும், நறுமணமும் அதன் வழியே வந்துவிடும் என்பதுபோல், முகத்தை மிக அருகே கொண்டுவந்தார்கள்.