எந்தப் பரவாயில்ல?

ஜொகூர் பாருவில் மருந்துக் குழு கூடியிருந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு வரும் ஆண்டு எந்த மருந்தை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். நுரையீரல் இறுகிப்போனவர்களுக்கான மாத்திரை ஒன்று, இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களுக்கான புதிய ஊசி மற்றொன்று. இரண்டுக்கும் பணம் போதாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊசிக்கோ மாநிலம் முழுக்க ஆள் காத்திருக்கிறது.

மாத்திரை நின்றுவிடுமோ என்று மருந்தாளர் தர்மினிக்குப் பயம். அவளுக்கு ஓட்டு கிடையாது. நோயாளி சொல்வதை மலாயில் எடுத்துச் சொல்ல மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

சாஆ ஊர் கிளினிக்கிலிருந்து நோயாளி ராசம்மா திரையில் தெரிந்தாள். செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டே காலத்தை ஓட்டியவள். இந்த மாத்திரை வந்த பிறகுதான் யாரும் பிடிக்காமல் குளிக்கப் போகிறாள்.

"மருந்து சாப்பிட்டு எப்படி இருக்கீங்கம்மா?" என்று தர்மினி கேட்டாள்.

"பரவாயில்ல டாக்டர்."

குழுத் தலைவர் உடனே ஒலியை அடைத்தார். தமிழ் நோயாளிகளைப் பார்த்தே தலை நரைத்த மலாய்க்காரர், டத்தோ பட்டம் வாங்கியவர். தன் அரைகுறைத் தமிழில் அவருக்கு அபாரப் பெருமை. "இது எனக்கே தெரியும் லா! பரவாயில்ல என்றால் மலாயில் தாக் அபா. மருந்து இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்கிறார்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஊசிக்காக வாதாடிய டாக்டர் வசந்தனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மனுஷன் வாயைத் திறக்கவேண்டுமே!

தர்மினி குறுக்கிட்டாள். "இல்லை, டத்தோ. நம் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் சொல்கிற பரவாயில்ல வேறு. உடம்பைக் கேட்டால் சொல்கிற பரவாயில்ல வேறு. முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது என்கிறார்."

தலைவரின் முகம் சுருங்கியது. வசந்தன் ஒலியைத் திறந்தார்.

"அம்மா, உங்க மாத்திரைக்குப் போற காசுல நிறைய இனிப்புநீர்க்காரங்களுக்கு ஊசி போடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நோயாளியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வசந்தனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வார்டில் இனிப்புநீர்க்காரர் ஒருவருக்காவது காலை வெட்டி எடுக்காத வாரம் இல்லை.

"என் மவன் ஜீவனுக்கும் இனிப்புநீர்தான் டாக்டர். கால் விரல எடுத்துட்டாங்க." ராசம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்போ பரவாயில்ல."

தலைவர் மீண்டும் ஒலியை அடைத்துவிட்டுத் தர்மினி பக்கம் திரும்பினார். "இது எந்தப் பரவாயில்ல?"

மாத்திரையைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். வசந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காட்டிக்கொடுக்க மாட்டார் போலிருந்தது. சொல்லிவிடடி, சொல்லிவிடு என்று தர்மினியின் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ராசம்மா தன் வாயால் கொடுத்ததை இவள் எப்படித் திருப்பி வாங்குவாள்?

"காலை மிதித்தவர்களுக்குச் சொல்கிற பரவாயில்ல, டத்தோ," என்றாள். "மிதிப்பது நாம்."

தலைவர் மேசைப் பக்கம் திரும்பி, ஊசிக்குச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

ஒவ்வொரு கையாக எழுந்தது. வசந்தனின் கைதான் கடைசி.

திரையில் ராசம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் விடைகொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிரித்தபடி அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள்.