தெற்குக் கோடி வீடு

மேற்கு மலை இன்னும் கறுப்பாகவே கிடந்தது. மோட்டாரைப் போட்டதும் குழாய் முதலில் செம்மண் கலங்கலைக் கக்கியது. பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. அழகுத்தாய் முதல் குடத்தை இடுப்பில் ஏற்றி, ஒரு கையால் ஏணியைப் பற்றிக்கொண்டு தளத்துக்கு ஏறினாள். நேற்று பரப்பிய சாக்குகள் காய்ந்து விறைத்திருந்தன. குடத்தைச் சரித்தாள். புதுக் கான்கிரீட்டிலிருந்து வெந்த வாடை எழுந்தது. விரல் நுனிகளைச் சிமெண்டு தின்றிருந்தது. ஈரம் பட்டதும் சுரீரென்றது.

கீழே குடங்கள் வரிசையாய்க் காத்திருந்தன. ராஜபாளையத்துக்குப் போகும் மில் வேன் வருவதற்குள் எல்லாத் தளங்களுக்கும் தண்ணீர் விட்டாக வேண்டும். மில்லுக்குப் போகிறவர்கள் போன பிறகு, வீட்டுக்கு ஓர் ஆள் நின்று பொழுது சாயும்வரை கல்லும் கலவையும் சுமக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஓடைக்கரைக் குடிசைகளைப் பிரித்துப் போட்டபின் இந்த இருபத்திரண்டு குடும்பங்களும் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றில் குறுக்கே சேலைகளைக் கட்டிக் குடியிருந்தன. கோழிகள் போய் எத்தனையோ காலமாகியும் வாடை போகவில்லை. அப்போதுதான் டிரஸ்ட்காரர்கள் வந்தார்கள். வன்னியம்பட்டிக்கு அப்பால் நிலம் இருக்கிறது, சிமெண்டும் கம்பியும் நாங்கள் தருகிறோம், உழைப்பை மட்டும் நீங்கள் தாருங்கள், ஆளுக்கொரு வீடு என்றார்கள். ஒரு நிபந்தனை: எந்த வீடு யாருக்கு என்பது கடைசியில் குலுக்கிப் போட்டுத்தான் தெரியும்.

"எது நம்ம வீடுன்னு தெரியாம இருந்தாத்தான் எல்லா வீட்டையும் நம்ம வீடா நினைச்சுக் கட்டுவோம்" என்று டிரஸ்டின் செயலாளர் ஜனார்த்தன் கைகூப்பிச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"குலுக்கலாம்! எல்லாம் முன்னாலயே முடிஞ்சிருக்கும்ட்டி" என்றாள் பரிபூரணம். மில்லில் நூல் சுற்றும் கோன் ஓட்டி ஓட்டித் தோள்பட்டை தேய்ந்தவள். நாக்கு மட்டும் தேயவில்லை. "சும்மா வீடு குடுக்கிறவன எந்த ஊர்ல பாத்திருக்க?"

அந்த விதை முளைத்துக் கொட்டகை முழுவதும் படர்ந்தது. வேலையை மேற்பார்க்கும் காளிராஜ் யாரைப் பார்த்துச் சிரித்தாலும், அவர்களுக்கு மோட்டார் பக்கத்து வீடு முடிவாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. கொட்டகையில் இருந்த மாரிச்சாமி அவனுக்கு ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாரிச்சாமியின் மனைவியோடு இரண்டு பேர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

நிலை வைத்த நாளில் இது முற்றியது. வாசல் நிலையை நிறுத்தும்போது அந்த வீட்டுக்காரி அடியில் நவதானியமும் மஞ்சள் துணியும் வைத்துப் பால் தெளிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டுக்காரி யாரென்றே தெரியாத வீட்டில் யார் வைப்பது? காளிராஜ் ஒரே நாளில் எல்லா நிலைகளையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அன்று மாலையே பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்து, தாங்கள் மனதில் வரித்த வீட்டின் நிலை இடுக்கில் மஞ்சள் முடிச்சைச் செருகினார்கள். வேப்பமரத்து வீட்டில் அழகுத்தாயின் முடிச்சு இருந்தது. மோட்டார் பக்கத்து வீட்டில் மட்டும் நான்கு முடிச்சுகள். அவற்றோடு பரிபூரணத்தின் குருத்தோலைச் சிலுவையும்.

"ஏட்டி, ஏசுவும் இதே வீட்டுக்குத்தான் போட்டிக்கு நிக்காரா?" என்று ஒருத்தி கேட்கப் போய், அன்று குடம் உடைகிற அளவுக்குச் சண்டை.

அதன்பிறகு தண்ணீரும் முடிச்சு இருந்த வீடுகளுக்கே போனது. தன்னுடையது என்று நினைத்த தளத்துக்கு மூன்று குடம், பக்கத்துத் தளத்துக்குக் கண்துடைப்பாய் ஒன்று. தெற்குக் கோடி வீட்டுக்கு ஒரு சொட்டும் இல்லை. சுடுகாட்டுப் பாதையைப் பார்த்த வாசல் அது. அங்கே யாரும் முடிச்சு வைக்கவில்லை. வேறு யாராவது விடுவார்கள் என்று எல்லோருமே நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். புதன்கிழமை காளிராஜ் அவசரம் அவசரமாக முட்டுக்கம்புகளைப் பிரிக்கச் சொன்னான்.

"கான்கிரீட்டு இன்னும் பச்சையால்லா இருக்கு" என்றார் மாரிச்சாமி.

"மேல இருந்து சொல்லுதாவ, பிரிக்கச் சொன்னாப் பிரியும்."

தெற்குக் கோடி வீட்டின் சன்ஷேடுக்கு அடியில் நின்று, கழற்றிய பலகைகளை அழகுத்தாய் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி முட்டுக்கம்பை இழுத்ததும் மேலே நெறுநெறுவென்று ஒரு சத்தம். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சன்ஷேடு முழு நீளத்துக்கு இறங்கியது. தூசி அடங்கியபோது அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை. ஜல்லி இறக்க வந்த டிராக்டரிலேயே படுக்கவைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மடியில் அவள் தலையைத் தாங்கிப் போனவள் பரிபூரணம்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மயக்கம் தெளிந்ததும் அழகுத்தாய் கேட்டது காலைப் பற்றியல்ல.

"யக்கா, நாளையிலருந்து எங்க வீட்டாளு யாரு நிப்பா? அவரு லோடுக்குப் போனாத்தான அடுப்பெரியும்... வீடு போயிருமா?"

"வாய மூடிட்டு படுட்டி" என்றாள் பரிபூரணம்.

பதிலை மறுநாள் ஜனார்த்தன் வைத்திருந்தார். கட்டட வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அழகுத்தாயின் கணவன் சோணைமுத்து முன்னால் நின்றான். மற்றவர்கள் வாசலில்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா விதிமுறைன்னு ஒண்ணு இருக்கே. உழைப்பை முடிக்காத குடும்பத்துக்கு வீடு கொடுத்தா மத்தவங்களுக்கு நான் துரோகம் பண்ணின மாதிரி. அடுத்த திட்டத்துல பார்ப்போம்."

"வைத்தியத்துக்காவது..." என்றான் சோணைமுத்து.

"நீங்க தொழிலாளி இல்லையேப்பா. இங்க முதலாளி, தொழிலாளி கிடையாது. எல்லாரும் பங்காளி."

"பங்காளின்னா சொத்துல பாதி கேப்போம், சம்மதமா?" என்று வாசலிலிருந்து பரிபூரணத்தின் குரல் வந்தது.

ஜனார்த்தனின் புன்னகை மாறவில்லை. "ஒண்ணு செய்யலாம். அந்த வீட்டுக்கு யாரோ தண்ணி விடலை. அதனாலதான் விழுந்தது. யாருன்னு தனித்தனியா வந்து சொல்லுங்க. பேர் வெளியே வராது. அந்தக் குடும்பத்தை எடுத்துட்டு அழகுத்தாய் குடும்பத்தை வச்சுக்கலாம்."

வாசலில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தால் இன்னொரு குடும்பம் பிழைக்கும். நல்ல காரியம்போலவே இருந்தது. அதுதான் அதிலிருந்த விஷம்.

அன்று பிற்பகல் கலவைத் தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. மாரிச்சாமி தகரக் கொட்டகைக்குள் போய்விட்டு வந்தார். எல்லாத் தட்டுகளும் அந்தரத்தில் நின்றன.

"யார் பேரச் சொன்னீரு?" என்றாள் பரிபூரணம்.

"மோரு குடுத்தாவ. குடிச்சேன். யோசிச்சுச் சொல்லுதேன்னு வந்துட்டேன்."

"மோருக்கு விலை இல்லாமயா குடுத்தான்?"

"நம்பலன்னா எவ்வயித்தக் கிழிச்சுப் பாரு!" மாரிச்சாமி சட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒருத்தன் பேரச் சொல்லணும்னா நான் யாரச் சொல்லுவேன்? எம்பொண்டாட்டியும்தான் அங்க தண்ணி விடல."

பரிபூரணம் கலவைத் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நேரே தகரக் கொட்டகைக்கு நடந்தாள். உள்ளே போகாமல் வெயிலில் நின்றபடியே கத்தினாள்.

"சார்! பேரு கேட்டியள்ல? எழுதிக்கிடுங்க. பரிபூரணம். நான் விடல. எனக்கு மோட்டார் பக்கத்து வீடு வேணும்னு ஆச, அதுக்கே ஊத்துனேன்."

மாரிச்சாமி அவள் பக்கத்தில் போய் நின்றார். "எங்க வீட்லயும் விடல." பிறகு ஒருத்தி. பிறகு இரண்டு பேர். சோணைமுத்துவும் வந்து நின்றான். "அழகுத்தாயும் விடல சார். வேப்பமரத்து வீட்டுக்குத்தான் ஊத்துனா. எடுத்தா எல்லாரையும் எடுங்க."

உள்ளேயிருந்து ஜனார்த்தன் வெளியே வந்தார். ஒரு பெயர் கேட்டவருக்கு முன்னால் இருபத்திரண்டும் நின்றன.

"தண்ணி விடாதது எங்க தப்பு" என்றாள் பரிபூரணம். "பச்சைக் கான்கிரீட்டுல முட்டுக்கம்பப் பிரிக்கச் சொன்னது யாரு? அந்தப் பேரையும் எழுதுங்க." காளிராஜ் மெதுவாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்ந்தான். "அழகுத்தாய் வேலைய நாங்க மாத்தி மாத்திச் செய்யிறோம். வைத்தியம் நீங்க பாக்கணும். அவளுக்கு வீடு உண்டுன்னு சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் கல்லத் தொட மாட்டோம்."

அப்போதுதான் ஜனார்த்தனின் புன்னகை முதன்முறையாக இறங்கியது.

"தொட வேண்டாம். வத்திராயிருப்புல இதேபோல வீடில்லாத குடும்பங்கள் காத்திருக்கு. திங்கட்கிழமை அவங்க வந்து முடிப்பாங்க. வீடும் அவங்களுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை நன்கொடையாளர்கள் வரவில்லை. வேறொரு நாளுக்கு மாற்றிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பரிபூரணமும் சோணைமுத்துவும் வத்திராயிருப்பு பஸ் ஏறினார்கள்.

தென்னந்தோப்பு ஓரத்தில், வீட்டுக்குக் காத்திருந்த குடும்பங்களின் ஆட்கள் கடப்பாரையை மண்ணில் நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் உரிக்கிற சத்தம் நின்றது.

"கெடைக்கிற வீட்டத் தட்டிவிட வந்தியளாக்கும்?" என்றாள் அவர்களில் ஒருத்தியான பிச்சையம்மாள். அவளுடைய உள்ளங்கைகள் மட்டை நாரில் வெடித்திருந்தன. "நீங்களே வேண்டாம்னுட்டு ஓடிட்டியன்னு சார் சொன்னாரே."

பரிபூரணம் எதையும் மறைக்கவில்லை. முடிச்சு வைத்ததைச் சொன்னாள், சண்டை போட்டதைச் சொன்னாள், தண்ணீர் விடாததைச் சொன்னாள். சோணைமுத்து மனைவியின் காலைப் பற்றிச் சொன்னான்.

பிச்சையம்மாள் இருவரையும் கண்ணால் அளந்தாள். "எங்களுக்கும் வீடு வேணும்லா."

"வேணும். சேர்ந்தே கேப்போம்."

"நாங்க வரலன்னா வேற ஊருக்குப் போவாரு."

"போவாரு" என்று ஒப்புக்கொண்டாள் பரிபூரணம்.

"நாங்க யோசிக்கணும். நீங்க கெளம்புங்க." கடப்பாரையில் அடுத்த தேங்காய் குத்தி நின்றது.

திங்கள் விடியலில் மற்ற இருபத்தொரு குடும்பங்களும் கட்டட வேலையிடத்து வாசலில் உட்கார்ந்திருந்தன. சோணைமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து சேர்ந்தான். அன்று மில்லுக்கு யாரும் போகவில்லை. ஜனார்த்தன் உள்ளே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். சாலையில் மினி லாரி ஒன்று திரும்பியது. பின்னால் நிறைய ஆட்கள், தட்டும் மண்வெட்டியுமாய்.

"பாத்தியா, வந்துட்டாவ" என்றார் மாரிச்சாமி. "யோசிக்கணும்னாவன்னு நீ வந்து சொல்லும்போதே நெனச்சேன்."

பரிபூரணத்துக்கும் அதே பயம்தான்.

லாரி நின்றது. பிச்சையம்மாள் முதலில் இறங்கினாள். வா வா என்று ஜனார்த்தன் கையசைத்தார். அவள் மண்வெட்டியை லாரிச் சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்தாள். வரிசையின் முன்னால் வந்து நின்று, இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நடந்து வந்தா பொழுதாயிரும்னு சார் அனுப்புன வண்டியிலயே வந்தோம்" என்றாள். "எங்க அந்த அழகுத்தாய் வீட்டுக்காரரு?"

சோணைமுத்து கையை உயர்த்தினான்.

"செத்த தள்ளி உக்காருங்கண்ணே. எங்க ஆளு நெறைய இருக்கு."