முதல் வெள்ளி வரை

“தலைப்பக்கத்தத் தூக்குங்கடா, சரியுது!” என்று மாடசாமி மாமா கத்தினார். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் படி இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அகலம்தான். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டியை நான்கு பேர் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்து வீட்டுப் பூச்சட்டி ஒன்றை உடைத்து, எப்படியோ உள்ளே கொண்டுபோனார்கள்.

விஜயலெட்சுமி வாசலை விட்டு விலகி நின்றாள். உள்ளே போனது அவள் தம்பி ஜெயரூபன். முப்பத்தொரு வயது. சனிக்கிழமை காலை அவள் பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருந்தாள். அம்மா குழாயடியில் நின்றாள். அந்த நேரத்தில் அவன் தன் உயிரை முடித்துக்கொண்டான்.

“ஒங்கிட்டகூட ஒன்னும் சொல்லலியாடி?” அம்மா ராசம்மா மூன்று நாளாக இதையேதான் கேட்டாள்.

“இல்லம்மா.”

“வாரா வாரம் லுணுகலைக்கு இழுத்துக்கிட்டுப் போனாளே,” என்றாள் வள்ளியம்மை அத்தை. “அங்க என்னத்தக் குடுத்தாங்க, மாத்திரையா மந்திரமா?”

“ஆலோசன சொன்னாங்க அத்த.”

“ஆலோசன!” அத்தை வெற்றிலையை வாசலோரச் சாக்கடைக் கானில் துப்பினாள்.

கொழும்புக் கடை வேலையை விட்டு வந்ததிலிருந்து ஜெயரூபன் தூங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். நான்கு வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்திருந்த விஜயலெட்சுமிதான் அவனை லுணுகலை ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனாள். புதன்கிழமைகளில் பாஸ்டர் ஜனகன் மனப்பாரம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுவார். பேச வராதவர்கள் தாளில் எழுதி ஜெபப்பெட்டியில் போடலாம். மாதத்தின் முதல் வெள்ளி, உபவாச ஜெபத்தில் அதைத் திறந்து தாள்களின் மேல் கைவைத்து ஜெபிப்பார்கள். அதுவரை யாரும் தொடக்கூடாது. பாஸ்டரும்கூட.

ஜெபப்பெட்டி என்பது ஒரு பிஸ்கட் தகரம், அதற்கு ஒரு சின்னப் பூட்டு. சாவி விஜயலெட்சுமியின் கழுத்தில், கறுப்பு நூலில் கிடந்தது. கொழுந்து பறிக்கும்போதும் கழற்றமாட்டாள். நாற்பது வயதுவரை யாரும் அவளை நம்பி எதையும் கொடுத்ததில்லை.

போன புதன் ஜெயரூபன் பாஸ்டரிடம் வாயே திறக்கவில்லை. எழுதினான், மடித்துப் போட்டான். திரும்பும் பஸ்ஸில் கேட்டான்.

“சாவி ஒங்கிட்டதானக்கா?”

“எங்கிட்டதான்.”

“எப்ப தொறப்ப?”

“மொத வெள்ளிதான். இன்னும் ஒம்பது நாளு கெடக்கு. நடுவுல தொறக்க மாட்டோம், பயப்படாத. அது ஒனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

தப்பு அடிக்கத் தொடங்கியபோது பாஸ்டர் வந்தார். உள்ளே வராமல், கோழிக்கூட்டுப் பக்கம் அவளைக் கூப்பிட்டார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“சிஸ்டர், நேத்து ஆராதன முடிஞ்சதும் மனசு கேக்கல. பூட்ட ஒடச்சிட்டேன்.”

“எதால ஒடச்சீங்க?”

“ஸ்க்ரூட்ரைவரால.”

“லேசா வந்துருச்சா?”

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். ‘அக்காவுக்கு’ என்று மேலே எழுதியிருந்தது.

‘வாயால சொல்ல வரல. சாவி ஒங்கிட்ட இருக்கு, நீ பாப்ப. நான் என்னத்தயாவது செஞ்சிக்குவேன்னு பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு என்னயத் தனியா விடாத.’

“ஆண்டவர் பாத்துக்குவாருன்னு நெனச்சோம் சிஸ்டர்.”

“அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியல.”

“ஜெபிக்கவா?”

“வேணாம். போங்க.”

உள்ளே அம்மா கேட்டாள்: “என்னா தாளு?”

“ஜெபம்மா.” ராசம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

ஜெயரூபன் ஞானஸ்நானம் எடுக்காதவன். அதனால் எல்லாம் தோட்டத்து வழக்கப்படியே நடந்தது. மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் கோயில் வளைவுவரை போகலாம்; அங்கிருந்து திரும்பி வந்து வீடு கழுவ வேண்டும். வளைவில் எல்லாரும் நின்றார்கள். விஜயலெட்சுமி நிற்கவில்லை.

“ஏய் விஜயா! பொம்பளைங்க அங்கிட்டுப் போகக்கூடாது!” அத்தை கத்தினாள். “இவளுக்கு என்னா கிறுக்கா?”

தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. தப்பு அடித்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அடி ஒன்று தவறியது. யாரும் அவளை மறிக்கவில்லை.

குழியடியில் ஆண்கள் ஒரு பிடி மண் போட வரிசையாக நின்றார்கள். அவள் கடைசியில் போய் நின்றாள்.

“திரும்பிப் பாக்காம வாங்க எல்லாரும்,” என்றார் மாடசாமி மாமா, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. எல்லாரும் ஏறிப் போனார்கள். அவர் மட்டும் பாதையில் நின்று, அவளைப் பார்க்காமலே சொன்னார்: “மழ வருது, வாம்மா.”

விஜயலெட்சுமி ஈர மண்ணோரம் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, ஜோடியாகப் பக்கத்தில் வைத்தாள்.